குறட்டை விடும் குழந்தை

குழந்தை குறட்டை விட்டால் நமக்குச் சிரிப்புதான் வரும். "அப்படியே தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான்" என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. "ஓடியாடி விளையாடின அலுப்பு, அசந்து தூங்குது" என்பார்கள் பெரியவர்கள். உண்மையில் குறட்டை அசந்த தூக்கத்துக்கு அடையாளமல்ல. மூச்சு போகிற பாதை குறுகியிருக்கிறது என்பதற்குத்தான் அடையாளம்.

என் தங்கை மகனுக்கு ஆறு வயது. வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, பாடத்தில் கவனமில்லை என்று டீச்சர் புகார். நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கமும் திரும்ப வந்துவிட்டது. எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறவில்லை. கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் படுத்துக்கொண்டான். வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்கினான். குறட்டைச் சத்தம் திடீரென்று நிற்கும். மார்பு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. சில விநாடிகளில் திணறிக்கொண்டு புரளுவான், மறுபடி குறட்டை. தலையணை வியர்வையில் நனைந்திருந்தது.

"இதைக் கொஞ்சம் வந்து பாருடி" என்று தங்கையை எழுப்பினேன். செல்போனில் வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். "பகலில் பத்து தடவை பார்த்தாலும் எனக்கு இது தெரியாதும்மா. நல்ல காரியம் செய்தீர்கள்" என்றார்.

தொண்டையின் இரு பக்கமும் டான்சில், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை. இரண்டு வயது முதல் எட்டு வயது வரை இவை பெரிதாக இருக்கும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது பாதை அடைபடுகிறது. மூச்சு நின்று நின்று வருவதால் மூளை குழந்தையை அடிக்கடி அரைகுறையாக எழுப்புகிறது. தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் சோர்ந்து விழுவோம். குழந்தைகளோ பெரும்பாலும் துறுதுறுவென்று அலையும், எரிந்து விழும். குண்டுக் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். ஒல்லியானவர்களுக்கும் வரும்.

நூறு குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கலாம். குறட்டை விடும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோய் இல்லை. சளியால் வரும் குறட்டை சளியோடு போய்விடும். வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல், சளி இல்லாதபோதும் குறட்டை கேட்டால் கவனியுங்கள். இடையில் மூச்சு நிற்பது, திணறல், காலையில் தலைவலி ஆகியவையும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சந்தேகம் தீர, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தூங்க வைத்துப் பரிசோதிப்பார்கள். உடம்பில் ஒயர்களை ஒட்டுவார்கள், அவ்வளவுதான், ஊசி கிடையாது. நோய் உறுதியானால், டான்சிலும் அடினாய்டும் பெரிதாக இருக்கிற குழந்தைகளுக்கு அவற்றை எடுத்துவிடுவதே முதல் வைத்தியம். ஆபரேஷன் என்றதும் பயப்பட வேண்டாம். ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியானது. செய்யாமல் கவனித்து வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சரியானது. ஆகவே லேசான தொல்லைக்குக் காத்திருக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பையனுக்கு ஆபரேஷன் ஆயிற்று. படுக்கை நனைவது நின்றது, உடம்பும் தேறியது. சேஷ்டை மட்டும் குறையவில்லை; அது அவன் சுபாவம்!

வழக்கமான பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் "குறட்டை விடுகிறதா?" என்று டாக்டர் கேட்க வேண்டும் என 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வழிகாட்டியிருக்கிறது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அந்தக் கேள்வி வராமல் போகலாம். கேட்காவிட்டாலும் நாமே சொல்லுவோம். ராத்திரி நடப்பதற்குத் தாய்தானே சாட்சி!