நிழலில் இருத்தப்பட்ட பிள்ளைகள்

பாடசாலைகளிலே இரக்கத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதிகள் சில உண்டு. பிரம்படியைப் போல அவை உடம்பில் தழும்பு விடுவதில்லை. ஆதலால் அவற்றை எதிர்த்து எவரும் பேசுவதுமில்லை. நோயுற்ற பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில், மரநிழலில், மற்றப் பிள்ளைகளின் செருப்புகளுக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் காவலாக இருத்தி வைப்பது அவற்றுள் ஒன்று. "பாவம், வருத்தக்காரப் பிள்ளை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லோருடைய மனச்சாட்சியும் அமைதியடைந்து விடுகிறது. அந்தப் பிள்ளையின் மனம் என்னவாயிற்று என்று கேட்பார் இல்லை.

நாம் வவுனியா மாவட்டத்திலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். மருத்துவம் எமது துறையன்று. ஆயினும், எமது வகுப்பிலே உள்ள ஒரு மாணவன் எம்மை இந்த விடயத்திலே சிந்திக்க வைத்தான். சிறுநீர் வழியிலே பிறவியில் இருந்த அடைப்பினால் இரண்டு சிறுநீரகங்களும் பழுதடைந்தவன் அவன். வயது 13, பார்ப்பவர் 9 வயது என்றே மதிப்பர். மாதந்தோறும் கூலித் தொழிலாளியான தாயுடன் விடியற்காலைப் பஸ்ஸில் கிளினிக்குக்குச் செல்வான். அன்றைய நாட்கூலி தாய்க்கு இல்லை.

ஒரு தடவை, "எனக்குப் பிடித்த விளையாட்டு" என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதும்படி வகுப்புக்குக் கூறினோம். பெரும்பாலோர் கிரிக்கெற்றைப் பற்றி எழுதினர். இவன் கிளித்தட்டைப் பற்றி எழுதினான். கிளி எந்தக் கோட்டிலே ஓடலாம், தட்டுக்களை மறிப்பவர் எங்கே நிற்கவேண்டும், அவர்களை ஏமாற்றிப் பெட்டிக்குப் பெட்டி தாவுவது எவ்வாறு என்பனவற்றையெல்லாம் ஒரு தேர்ந்த ஆட்டக்காரனைப் போல விளக்கியிருந்தான். கட்டுரையின் கடைசி வாக்கியம் இது: "இந்த விளையாட்டை நான் விளையாடியதில்லை."

அவனை மரத்தடியில் இருத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களை ஆட்டிவைப்பது அச்சம். அந்த அச்சத்துக்கு எமது பிரதேசத்திலே ஒரு வரலாறும் உண்டு. எமக்கு அயலிலே மதவாச்சி, பதவியா முதலான இடங்களிலே 1990களிலிருந்து காரணம் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் ஒன்று கமக்காரக் குடும்பங்களை அழித்து வந்திருக்கிறது. வெயிலிலே வயல் வேலை செய்த வலிய ஆண்கள் பலர் அதற்கு இரையாயினர். ஆகவே குண்டிக்காய் வருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் மனத்திலே மரணமே தோன்றுகிறது. வெயிலில் வியர்த்தால் சிறுநீரகம் கெடும் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்து வேரூன்றிவிட்டது. கடும் வெப்பமும் நீரிழப்பும் அந்த நோய்க்குத் துணைக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலரும் கருதுகின்றனர்.

ஆனால், பகல் முழுவதும் போதிய தண்ணீரின்றி மண்வெட்டி பிடிப்பதும், காலை வேளையில் நண்பர்களோடு அரைமணி நேரம் ஓடியாடுவதும் ஒன்றல்ல. முன்னது வறுமை மனிதன் மீது சுமத்திய உழைப்பு. பின்னது வளரும் உடம்பின் தேவை. மேலும், சிறுவர்களைப் பீடிக்கும் சிறுநீரக நோய் பெரும்பாலும் வேறு வகையானது. பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர் வழியோ சரியாக உருவாகாமையும், உடம்பிலிருந்து புரதம் சிறுநீருடன் வெளியேறி முகமும் காலும் வீங்கும் நோயும், பரம்பரை நோய்களும் அவற்றுள் முக்கியமானவை. கமக்காரனுக்கு வந்த நோயை எண்ணிச் சிறுவனைக் கட்டிப்போடுவது அறிவுடைமை ஆகாது.

சிறுநீரகம் கழிவை அகற்றும் உறுப்பு என்று மட்டுமே நாம் பாடப்புத்தகத்திலே படித்தோம். அது வேறு பல தொழில்களையும் செய்கிறது. செங்குருதிக் கலங்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சையைத் தூண்டும் ஓமோனைச் சுரப்பது அது. உயிர்ச்சத்து டியை உடம்பு பயன்படுத்தத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதும் அதுவே. அது நலிவடையும்போது குருதிச்சோகை உண்டாகிறது, எலும்பு வலுவிழக்கிறது, குருதியில் அமிலம் மிகுந்து தசை தேய்கிறது, வளர்ச்சி தடைப்படுகிறது. பிள்ளை களைத்துப்போவதற்குக் காரணம் சோம்பல் அன்று.

இங்கேதான் ஒரு நச்சுவட்டம் தொடங்குகிறது. களைப்பினால் பிள்ளை இருக்கிறான். இருப்பதனால் தசை மேலும் மெலிகிறது. தசை மெலிந்தமையால் படியேறவும் களைக்கிறான். களைப்பைக் கண்ட பெற்றோரும் ஆசிரியரும் இன்னும் இருத்துகின்றனர். நோய் பறித்தது ஒரு பங்கு. நாம் பறிப்பது மறு பங்கு. சிறுவயதிலே சிறுநீரக நோய்க்கு ஆளானோரின் உயிரைப் பிற்காலத்திலே பெரும்பாலும் பறிப்பது இதய நோயும் குருதிக்குழாய் நோயுமே என்பது மருத்துவர் அறிந்த உண்மை. இதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் இயக்கம் நன்மை தரும் என்பதையோ எல்லாரும் அறிவர். அப்படியிருக்க, இதயத்துக்கு ஆபத்து மிகுந்த பிள்ளையிடமிருந்தே அதற்கு நன்மை தரும் பயிற்சியைப் பறிப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

இந்தப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட பயிற்சி ஆய்வுகள் சிறியனவே. ஆயினும் அளவான பயிற்சியால் அவர்கள் நடக்கும் தூரமும் தசை வலுவும் கூடலாம் என்பதை அவை காட்டியுள்ளன. டயலிசிஸ் என்று யாவரும் அழைக்கும் குருதிச் சுத்திகரிப்பு வழக்கமாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெறுவது. அந்த நேரத்திலே கட்டிலில் இருந்தவாறே கால்களால் மிதிப்பொறியை மிதிக்கச் செய்யும் வைத்தியசாலைகளும் உலகிலே உண்டு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை இயக்குதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அந்த அளவை எட்ட முடியாதவருக்கும், ஒன்றும் செய்யாதிருப்பதைவிடச் சிறிது செய்தல் நன்று என்பதே அதன் கருத்து.

இதனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே விதமாக ஓடவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவரவர் நிலைக்கேற்ற எல்லையை வைத்தியரே வகுத்தல் வேண்டும். சுத்திகரிப்புக்காகக் கையிலே குருதிக்குழாய் இணைப்புச் செய்யப்பட்ட பிள்ளை அக்கையில் அடிபடாமலும் பாரம் தூக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றிலே குழாய் பொருத்தப்பட்ட பிள்ளை குளத்திலோ கிணற்றிலோ நீந்துவது தொற்றுக்கு வழிவகுக்கும். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் முன்பக்கத்திலே பொருத்தப்படுவதால், மோதி விழும் விளையாட்டுக்கள் அவனுக்கு ஆகா. காய்ச்சல், புதிய வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கட்டுக்கடங்காத குருதியமுக்கம் ஆகியன உள்ளபோது ஓய்வே தக்கது. சுளுக்குக்கும் நோவுக்கும் ஆசிரியர் தம் மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் இபுபுரூபன் போன்ற குளிசைகள் இவர்களுக்குத் தீங்கு செய்யும். தண்ணீரிலும் ஒரே விதி இல்லை: ஒருவனுக்கு அளந்து குடிக்கும்படி கட்டளை, மற்றவனுக்கு நிறையக் குடிக்கும்படி கட்டளை.

இவ்வளவும் அரைத்தாளில் எழுதிவிடக்கூடிய செய்திகள். அந்த அரைத்தாளைக் கேட்டு வாங்குவார் இல்லாமையே குறை. எமது மாணவனின் தாயிடம் நாம் இதைப்பற்றிப் பேசியபோது அவர் கைகூப்பினார். "சேர், அவன ஓட விடாதேங்கோ. ஏதும் நடந்திட்டா நான் ஆரிட்டப் போவன்?" என்றார். கிளினிக்கிலே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவரும்படி வேண்டினோம். அடுத்த மாதம் கிளினிக் கொப்பியிலே வைத்தியர் எழுதியிருந்தார்: நடக்கலாம், மெதுவாக ஓடலாம், பந்து எறியலாம், களைத்தால் நிறுத்தலாம், முட்டி மோதும் விளையாட்டு வேண்டாம். மூன்று வரிகள். அந்தத் தாய்க்கு அதுவரை எவரும் அதைச் சொல்லவில்லை. கூட்டம் நிறைந்த கிளினிக்கிலே அவர் கேட்கத் துணிந்ததுமில்லை.

கொப்பியைப் பார்த்த பின்னரும் பாடசாலை நிருவாகம், "பொறுப்பு யார்?" என்றே வினவியது. இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையிலே கூட அவன் பெயர் சேர்க்கப்படவில்லை. ஆயினும் இளம் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் முன்வந்தார். முதல் வாரம் மைதானத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடை, பின்னர் பதினைந்து, பின்னர் இரு நண்பர்களுடன் பந்தெறிதல். ஒரு தவணைக்குப் பின் அவன் மேல்மாடி வகுப்புக்கு இடையிலே நில்லாமல் ஏறிவருகிறான். அவனது சிறுநீரகம் குணமடையவில்லை; குணமடையப் போவதுமில்லை. ஒருநாள் அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கும். அந்த நாளை அவன் மெலிந்த உடம்போடும் ஒடுங்கிய மனத்தோடும் சந்திப்பதா, ஓரளவு வலுவோடு சந்திப்பதா என்பதே கேள்வி.

அவுஸ்திரேலியக் கிரிக்கெற் வீரர் கமரன் கிறீன் தமக்குப் பிறவியிலேயே நாட்பட்ட சிறுநீரக நோய் உண்டு என்பதை 2023 டிசெம்பரில் வெளிப்படையாகக் கூறினார். சிறுநீர் வழி அடைப்பே அவருக்கும் காரணம். சிறுநீரகங்கள் ஏறத்தாழ 60 வீதமே இயங்குகின்றன. 12 வயதுக்கு மேல் அவர் உயிர்வாழ்வது ஐயம் என்று பெற்றோருக்கு ஒரு காலத்திலே சொல்லப்பட்டதாம். அவரே 2022இல் காலி மைதானத்து வெயிலிலே எமது நாட்டுக்கெதிராக 77 ஓட்டங்கள் பெற்று ஆட்டநாயகனானார். இச்செய்தியைக் கேட்ட எமது மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "உண்மையாவோ சேர்?" என்று மட்டும் கேட்டான். உறுப்பு மாற்றம் பெற்றோருக்கான உலக விளையாட்டு விழாவும் 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரிலே தொடங்கி இன்றுவரை நடைபெற்று வருகிறது. சிறுவர்களும் அதிலே ஓடுகின்றனர்.

எனினும், வீரர்களைக் காட்டி நோயாளிப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதிலே எமக்கு விருப்பமில்லை. கிறீனின் நோய் இரண்டாம் நிலையிலுள்ளது. எமது மாணவனின் நோய் அதனினும் முற்றியது. அவருக்கு வாய்த்த உணவும் வைத்தியமும் பயிற்சியும் கூலித் தொழிலாளியின் மகனுக்கு வாய்ப்பனவல்ல. பதக்கம் பெறுவோருக்கே மைதானம் என்ற எண்ணந்தான் இவனை மரத்தடிக்கு அனுப்பியது. அதே எண்ணத்தை வேறு வடிவிலே நாம் வளர்த்தலாகாது. வெல்லாதவனும் விளையாட வேண்டும். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. நோயற்ற குழந்தைக்கு மட்டுமே அது உரியது என்று அங்கே எழுதப்படவில்லை.

அந்த உரிமை தாளைவிட்டு மைதானத்துக்கு வரவேண்டுமாயின் சில எளிய காரியங்கள் நடைபெற வேண்டும். கிளினிக்கிலிருந்து பாடசாலைக்கு எழுத்திலே ஓர் ஆலோசனை வருதல் வேண்டும். பூட்டப்படாத மலசலகூடமும் நல்ல குடிநீரும், அவற்றுக்குக் கேட்காமலே போகும் அனுமதியும் வேண்டும். கிளினிக் நாள் வரவின்மை குற்றமாகக் கொள்ளப்படலாகாது. ஏதேனும் நிகழ்ந்தால் பழி தம் தலையிலே விழும் என்ற அச்சமின்றி ஆசிரியர் செயற்படத் திணைக்களம் தெளிவான விதி வகுத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். நோயில்லாத பெண்ணையே ஓடாதே என்னும் சமுதாயம், நோயுற்றவளை எழுந்து நிற்கவும் விடுவதில்லை. அவர்களைத் தேடிச் சென்று அழைத்தல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் வகுப்பு இடாப்பைத் திறந்து, விளையாட்டுப் பாடத்திலே எப்பொழுதும் நிழலில் இருப்பவர் யார் யார் எனப் பாருங்கள். அவர்களுடைய பெற்றோரை அழைத்து, வைத்தியரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவரச் சொல்லுங்கள். விடை வந்த பின்னர் பிள்ளையோடு மைதானத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நீங்களும் நடவுங்கள்.