பலகையின் முதுகு

வைகாசியில் நான் வண்ணமடித்துக் கொடுத்த பெயர்ப்பலகையைக் கார்த்திகையில் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி வந்திருந்தாள் அவள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூர். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. வாசலில் தன் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனவள். பிரித்துப் பார்த்தேன். எழுத்துகள் கொப்புளமாய் எழும்பி, பாதிப் பெயர் உரிந்து கிடந்தது.

"பொம்பள பேரு ஒரு மழைக்கே நிக்கலன்னு சிரிக்கிறாங்கக்கா."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நல்ல பூவரசம் பலகை. முகப்பில் மூன்று கோட் எனாமல், மேலே பளபளவென்று வார்னிஷ். எங்கே தப்பு?

அம்மா பலகையை வாங்கித் திருப்பினாள். "முதுவுல பூசலியாடி?"

பூசவில்லை. சுவர்ப்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

அம்மா சிற்பப் பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்கப் போனவள். 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் சிற்பம் என்றால் உளி பிடித்த கையைத்தான் கேட்பார்கள். தேய்த்த கையை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வண்ணம் வாங்கக் கடைக்காரரிடம் யோசனை கேட்ட நான், வீட்டிலிருந்தவளிடம் கேட்கவில்லை.

அவள் சொல்லித்தான் புரிந்தது. மழை முகப்பை உரிக்கவில்லை. பூசாத முதுகு, ஆணித்துளை, எல்லாவற்றையும்விட மரத்தை அறுத்த இரு முனைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. முனையில் மரத்தின் நார்க்குழாய்கள் வாய் திறந்திருக்கும், உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கிறது. எனாமல் இறுகி மூடியிருந்ததால் அதையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் அடித்த வார்னிஷும் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கானது. வெயில் தாங்காமல் வெடித்திருந்தது.

மறுபடி ஆரம்பித்தோம். பழைய பூச்சைச் சுரண்டினோம். அம்மா நாரோட்டத்திலேயே தேய்த்தாள். பலகையை நிழலில் நாள்கணக்கில் உலரவிட்டோம். பிறகு ஆறு பக்கமும் மரத்துக்கான பிரைமர். முனைகளுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதல். அதன்மேல் வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன், மெல்லிசாக இரண்டு கோட். அது ஈரத்தைக் கொஞ்சம் மூச்சுவிட விடும். பெயருக்கு ரோஜா நிறத்தை விட்டுச் செங்காவி எடுத்தோம். அது இரும்பு ஆக்சைடு. வெயிலில் எளிதில் வெளுக்காது. நன்றாகக் காய்ந்தபின் வெளிப்புறத்துக்கான கிளியர் கோட், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை, முதுகுக்கும் சேர்த்து. சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக, ஆணிக்குப் பின்னால் வாஷர் கொடுத்தனுப்பினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னலைச் சுரண்டினால் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேயுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தூசி தேய்ப்பவளின் எலும்பில் தங்கும். அவள் வயிற்றுப் பிள்ளைவரை போகும். அந்தக் காலத்தில் முந்தானைதான் அம்மாவுக்கு முகமூடி.

அடுத்த கார்த்திகையில் அவள் போன் செய்தாள். பெயர் அப்படியே இருக்கிறதாம். நாத்தனாருக்கும் ஒன்று வேண்டுமாம், அவள் பெயர் மட்டும் போட்டு.

இப்போதெல்லாம் பில்லில் 'தேய்ப்புக் கூலி' என்று தனி வரி எழுதுகிறேன். "இதுக்கெல்லாமா காசு?" என்று கேட்பவர்களிடம் பலகையைத் திருப்பிக் காட்டுகிறேன். அந்தப் பணம் அம்மா கைக்குப் போகிறது.