'ஒண்ணுமில்லட்டி' என்ற அம்மா... கீமோ நாள்களில் இதயம் பத்திரம்!

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் மாடி வீடு. மொத்தம் 16 படிகள். மார்பகப் புற்றுநோய்க்கு நான்காவது கீமோ முடிந்து சில நாள்களில், அந்த 52 வயது அம்மா எட்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம்மா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லட்டி, மருந்து அசதி."

ராத்திரி தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கியபோதுதான் மகளுக்குச் சந்தேகம். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்.

"சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாகளோன்னு பயந்துட்டேன்."

அவருக்கு ஏற்றியது சிவப்பு நிற டாக்ஸோரூபிசின். புற்றுநோயை அடக்கும் இந்த மருந்து, சிலருக்கு இதயத் தசையைப் பலவீனப்படுத்தும். உடலில் சேரும் மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் தொடங்கும் முன்பே எக்கோ எடுக்கிறார்கள். டிராஸ்டுஸுமாப் ஊசி என்றால் வழக்கமாக 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ உண்டு.

மறுநாள் எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் குறைந்திருந்தது. இதய மாத்திரைகள் தொடங்கின. அம்மா பயந்ததுபோல சிகிச்சை நின்றுவிடவில்லை. டாக்டர்கள் கலந்து பேசி கீமோ மருந்தை மாற்றினார்கள்.

மூச்சு வாங்குதல், கால் வீக்கம், படபடப்பு, திடீரென எடை கூடுதல்... எதுவானாலும் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த வீட்டுக் காலண்டரில், ராகு காலத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் எடையும் பிரஷரும் தினமும் ஏறுகின்றன. 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தைக்கு மட்டும் வீட்டில் தடை!