இடித்த கல் எங்கே போகிறது?



போன வாரம் மகன் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பெரிய இரும்புத் தொட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். "டீச்சர், அது தண்ணித் தொட்டியா, லாரியா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். "அமெரிக்கா போயும் குப்பைத் தொட்டியைத்தான் படம் எடுத்தியாக்கா?" என்று என் சின்னத் தம்பி கேலி செய்திருந்தான். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வருகிற தை மாதம் நம் ஐயா கட்டிய வீட்டை இடிக்கப் போகிறோம் என்பதால், நம் குடும்பத்தார் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

அந்தத் தொட்டிக்கு இங்கே டம்ப்ஸ்டர் என்று பெயர். வீடு இடிப்பவர்கள், மராமத்து பார்ப்பவர்கள் எல்லோரும் இதை வாடகைக்கு எடுப்பார்கள். லாரி வந்து, சறுக்குமரத்தில் பிள்ளை இறங்குவது மாதிரி தொட்டியைச் சரித்து இறக்கிவிட்டுப் போகும். நிறைந்ததும் சொன்னால் வந்து இழுத்து ஏற்றிக்கொண்டு போகும். வாசல் சிமெண்ட் தளம் கீறாமல் இருக்க அடியில் பலகை போடுவார்கள். சொந்த வாசலில் வைத்தால் பிரச்சினை இல்லை. தெருவில் வைப்பதென்றால் நகராட்சியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

அளவை இவர்கள் கன கெஜத்தில் சொல்கிறார்கள். 10, 20, 30, 40 என்று தொட்டிகள் உண்டு. பேரனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு கன கெஜம் 27 கன அடி. அப்படியானால் 10 கெஜத் தொட்டி 270 கன அடி. நம் ஊரில் ஜல்லிக்கும் மணலுக்கும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக, சின்னத் தொட்டி நம் கணக்கில் 2.7 யூனிட். "அப்பத்தா, இது ஈஸி" என்றான். கன அளவு என்றாலே ஓடி ஒளிந்த என் பழைய மாணவர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். பெயர் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

மகன் இருப்பது கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரம். 1950களில் கட்டிய பழைய வீடு. பின்பக்கம் ஓர் அறை சேர்க்கிறார்கள். நான் வந்தால் தங்குவதற்காம். அதற்காகப் பின்னால் இருந்த சிமெண்ட் தளத்தையும், செங்கல் புகைபோக்கி ஒன்றையும், ஒரு சுவரையும் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு இரண்டு தொட்டி வந்தது. ஒன்று சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் மட்டும், மற்றது மரம், ஜிப்சம் போர்டு, தகரம் எல்லாம் கலந்து போடுவதற்கு.

"எதுக்குப்பா இரண்டு, ஒரே பெரிய தொட்டியாக எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். எடைதான் காரணம். உடைத்த சிமெண்ட் 10 கெஜத் தொட்டியை நிறைத்தாலே சுமார் 10 டன் வந்துவிடும். பெரிய தொட்டியில் நிறைத்தால் லாரி சாலையில் போகவே அனுமதி கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. சிமெண்ட் தனியாக வந்தால் நேராக அரைக்கும் ஆலைக்குப் போகும். கலந்து வந்தால் ஆள் வைத்துப் பிரிக்க வேண்டும், அதற்குக் கூலி. அதனால் பிரித்துக் கொடுப்பவருக்குப் பொதுவாகச் செலவு குறைவு.

பெயிண்ட், பேட்டரி, டயர், டியூப் லைட், டிவி இதெல்லாம் தொட்டியில் போடக் கூடாது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் யாரோ புண்ணியவான் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பழைய டிவியையும் ஒரு கிழிந்த மெத்தையையும் நம் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்! அடுத்தவன் தொட்டியில் போடும் பழக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. மகன் அவற்றைத் தூக்கி வெளியே வைத்தான். அன்று மாலையே தொட்டிக்குத் தார்ப்பாய் கட்டினோம்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன்.

கலிபோர்னியா மாநிலத்தில் கால்கிரீன் என்று ஒரு கட்டட விதி இருக்கிறது. புதிதாகக் கட்டினாலும் வீட்டை விரிவாக்கினாலும், அந்த வேலையில் வரும் கழிவில் குறைந்தது 65 விழுக்காடு குப்பைக் கிடங்குக்குப் போகக் கூடாது, மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும். முன்பு 50 விழுக்காடாக இருந்ததை 2017 முதல் 65 ஆக்கினார்கள். விதி எழுதுவது எல்லா ஊரிலும் நடக்கும். யார் கேட்பது? இந்த நகராட்சி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டட அனுமதி வாங்கும்போதே ஒரு டெபாசிட் தொகையைக் கட்டச் சொல்லிவிடுகிறார்கள். கழிவு அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் போனது என்று எடைச் சீட்டு காட்டினால் பணம் திரும்பும். காட்டாவிட்டால் போனது போனதுதான்.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் காவல்காரர் நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரே காவல்காரர் ஆகிவிடுகிறார். வாசலைத் தாண்டிய பிறகும் அந்தக் கல் அவருடைய கல்தான், சீட்டு கைக்கு வரும் வரை.

இது எனக்கு ஒரு சம்பவத்தில்தான் நன்றாக விளங்கியது. வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் மகனிடம், "தொட்டி வாடகையெல்லாம் எதற்கு? என்னிடம் வண்டி இருக்கிறது. பாதிப் பணம் கையில் கொடுங்கள், இரண்டு நாளில் எல்லாவற்றையும் அள்ளிவிடுகிறேன்" என்றார். மகன் யோசித்தான். வீடு கட்டும்போது யாருக்குத்தான் கை கடிக்காது? அப்போது மருமகள் வந்து இரண்டே கேள்வி கேட்டாள். "எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? சீட்டு தருவீர்களா?" அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "அதைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?" என்றார். "கவலை எங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு நல்ல மாணவியைப் பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு ஒருநாள் மிச்சம் மீதியை மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஆலைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். உள்ளே போகும்போது வண்டியோடு எடை, வெளியே வரும்போது வெறும் வண்டி எடை, கழித்தால் சரக்கு. சிமெண்டுக் கட்டிகளை ஓர் இயந்திரம் நறநறவென்று மென்று துப்புகிறது. உள்ளே இருக்கும் கம்பியைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. அரைத்த ஜல்லி சாலைக்கு அடித்தளமாகப் போகிறது. மரத்தைத் துண்டாக்கித் தோட்டத்துக்கு மூடாக்காகவோ எரிபொருளாகவோ கொடுக்கிறார்கள். ஜிப்சம் போர்டு குப்பைக் கிடங்கில் புதைந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு வருமாம். அதனால் அதைத் தனியாகப் பிரிக்கிறார்கள். கலப்புக் கழிவு ஒரு ஓடும் பட்டையில் வருகிறது. இரு பக்கமும் மனிதர்கள் நின்று கையால் பொறுக்குகிறார்கள். எவ்வளவு இயந்திரம் இருந்தாலும் கடைசியில் மனிதர் கைதான்.

சமையலறைப் பழைய அலமாரிகளை உடைக்காமல் கழற்றி, ஹாபிடாட் ஃபார் ஹியுமானிட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ரீஸ்டோர் கடைக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே பழைய கதவு, ஜன்னல், விளக்கு எல்லாம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

"டீச்சர் அமெரிக்கா புராணம் பாட ஆரம்பித்துவிட்டார்" என்று நினைக்காதீர்கள். இங்கேயும் ஒதுக்குப்புறச் சாலைகளில் திருட்டுத்தனமாகக் கொட்டிய குவியல்களைப் பார்த்தேன். அதோடு, பழைய வீட்டைப் பிரிப்பதில் நம் ஆட்களுக்கு இவர்கள் ஈடாக முடியாது. நம் பக்கத்தில் வீடு இடிக்கும் மேஸ்திரி நிலை, கதவு, உத்திரம், ஜன்னல் கம்பி, ஓடு என்று ஒவ்வொன்றையும் நோகாமல் எடுப்பார். காரைக்குடியில் பழைய தூணும் கதவும் விற்கவே கடைகள் இருக்கின்றன. விலை போகும் எதையும் நாம் வீணாக்குவதில்லை. விலை போகாத ரப்பிஸ் எங்கே போகிறது என்பதில்தான் நம் கண் மூடிக்கொள்கிறது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. கட்டட இடிபாடுகளுக்கென்றே மத்திய அரசு 2016-இல் விதிகள் கொண்டுவந்தது. இடிபாட்டைச் சாலையிலோ வடிகாலிலோ போட்டு அடைக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. 2025-இல் புதிய விதிகளை அறிவித்து, 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறை என்றார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. அரைத்த பழைய கான்கிரீட்டை எந்த வேலைக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. ஆனால் நம் ஊருக்கும் அந்த ஆலைகளுக்கும் எத்தனை மைல்! நம் ஊரில் லாரிக்காரரிடம் "எங்கே கொட்டுவீங்க?" என்று கேட்பவர் யார்?

நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடிய வரத்துக்கால் ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் தாண்டி வருவீர்களே, அதுதான். அந்தப் பக்கம் ஒரு பழைய மில்லை இடித்தபோது ராத்திரி ராத்திரியாக லோடு வந்து அதில் விழுந்தது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தும் கண்மாய் பெருகவில்லை. கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. மார்கழியில் பயிர் கருகியது. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவனின் குடும்பத்துக்கு அங்கேதான் நிலம். பொங்கல் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது இந்தக் கைதான். யார் கொட்டியது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. கல்லில் பெயர் எழுதியிருக்கவில்லை.

நம் ஐயா வீட்டுக் கல்லுக்குப் பெயர் இருக்கிறது. அதனால் தம்பிமாருக்கும் மச்சான்மாருக்கும் என் கோரிக்கைகள் இவை:

1. ஐயா வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சிமெண்டில் கட்டிய செங்கல் மாதிரி இல்லாமல், காரை லேசாகத் தட்டினாலே விட்டுவிடும். முழுச் செங்கலைத் தனியாக அடுக்கச் சொல்லுங்கள். சுற்றுச்சுவருக்கு ஆகும்.

2. புது வீட்டுக்கு 1000 சதுர அடியில் 3 அடி உயரம் பேஸ்மட்டம் என்று தம்பி சொன்னான். 3000 கன அடி, அதாவது 30 யூனிட். அத்தனைக்கும் கிராவல் வாங்கப் போகிறோமா? உடைந்த செங்கலையும் காரையையும் சின்னதாக உடைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினால் பெரும்பங்கு அதிலேயே அடங்கிவிடும். இன்ஜினியரைக் கலந்துகொள்ளுங்கள். மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, கரையான் வரும்.

3. மாட்டுக் கொட்டகை மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சம்மட்டியால் உடைக்க வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். இங்கே மகன் வீட்டில் சுவரைத் தொடும் முன்பே மேல்கூரைப் பூச்சைச் சோதனைக்கு அனுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தார்கள்.

4. மிச்சத்துக்கு டிப்பர் வரும். எங்கே கொட்டுவது என்று முதலிலேயே ஊராட்சியில் கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு நடைக்கும் நம் பிள்ளைகளில் ஒருவன் வண்டியில் கூடப் போகட்டும்.

5. நமக்கு டெபாசிட் வாங்கும் நகராட்சி இல்லை. நாமே வைத்துக்கொள்வோம். இடிக்கும் மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள். கடைசி லோடு சொன்ன இடத்தில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, கையோடு கொடுத்துவிடுங்கள். ஒரு ரூபாய் குறைக்க வேண்டாம், அவரும் உழைப்பாளி. பேச்சை மட்டும் முதல் நாளே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

இதனால் ஒருவேளை நாலு நாள் கூடும். ஐந்தாறாயிரம் கூடச் செலவாகும் என்றால் அது என் பென்ஷனிலிருந்து. இதில் பேச்சே வேண்டாம்.

கட்டட வேலையில் இருக்கும் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேஸ்திரி, இன்ஜினியர், டிப்பர் ஓட்டுநர், ஒருவர் ஊராட்சித் துணைத் தலைவர் வரைக்கும். நம் பக்கம் ரப்பிஸைக் கொட்ட நல்ல இடம், அரைத்துக் கொடுப்பவர், வாங்கிப் பள்ளம் நிரப்புபவர் யாராவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்