வாயில்லாச் சீவனின் சாட்சி

அமெரிக்காவில் விற்பனைக்காக நாய் வளர்ப்போரின் கூடுகளை அரசாங்கப் பரிசோதகர்கள் பார்த்தெழுதிய அறிக்கைகளைப் படித்தோம். துருவேறிய கம்பி, பாசி படர்ந்த நீர், மருந்து காணாத புண் என வறண்ட குறிப்புகளே அவற்றில் உண்டு. இரக்கச் சொல் ஒன்றுமில்லை. எனினும் நெஞ்சு கனத்தது.

விலங்கு நலச் சட்டம் அங்கு 1966இலேயே பிறந்தது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, 6 அங்குலம் கூட்டி, வந்ததை அதனாலேயே பெருக்கினால் கிடைக்கும் சதுரமே ஒரு நாய்க்கு அதன் விதிகள் வகுத்த குறைந்தபட்ச இடம். அவ்வளவேனும் கிடைக்கிறதா என்பதை மக்களுக்குச் சொல்பவை இவ்வறிக்கைகளே.

2017 பெப்ரவரியில், தனிமனித அந்தரங்கத்தின் பேரால், விவசாயத் திணைக்களம் அவற்றை இணையத்தளத்திலிருந்து அகற்றிற்று. 2019 டிசெம்பரில் காங்கிரஸ் சட்டமியற்றிக் கட்டளையிட்ட பின்னரே அவை முழுமையாக மீண்டன.

குட்டியை வாங்குவோன் தாயின் கூட்டைக் காண்பதில்லை. இலாபத்துக்கு இருள் வேண்டும். வாயில்லாச் சீவனுக்கோ அந்தத் தாளே வாய். அதனைப் பொத்துவோரை மக்கள் கேள்வி கேட்டே தீரவேண்டும்.