அகழிக் கரையும் ஆற்றங்கரையும்

கார்த்திகைச் சோமவாரத்தில் வேலூர்க் கோட்டைக்கு வரும் அன்பர்களில் பெரும்பாலோர் நேரே ஜலகண்டேஸ்வரர் சந்நிதிக்கு விரைந்துவிடுகின்றனர். அரைமணி நேரம் முன்னதாக வந்து, அகழியை ஒட்டிய பூங்காவில் ஒருமுறை நடந்துவிட்டுச் செல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். ஐப்பசி மழையில் அகழி நிறைந்திருக்கும் இந்நாட்களில், நீர் சூழ எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு அத்திருநாமம் எத்துணைப் பொருத்தம் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த பழக்கம் இது. உடன் வருபவள் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி. அவளிடம் ஒரு தொலைநோக்கியும் ஒரு நோட்டும் உண்டு. வங்கியில் முப்பத்தேழு ஆண்டுகள் பேரேடு பார்த்தவன் நான். ஆயினும் அவளுடைய கணக்கின் ஒழுங்கு எனக்கு வாய்த்ததில்லை. 'சின்ன நீர்க்காகம் 11, மடையான் 4, முக்குளிப்பான் 2' என்று கூட்டல் பிழையின்றி எழுதுவாள். ஒரே பறவையை இருமுறை எண்ணிவிட்டேன் என்றால் என் எண்ணிக்கையைத் தள்ளுபடி செய்துவிடுவாள்.

நீர்க்காகங்கள் முழுகி எழுந்து, மதிலடிக் கருங்கற்களில் சிறகை விரித்து உலர்த்தியபடி நிற்கும். மடையான் கல்லோடு கல்லாக ஒடுங்கி அமர்ந்திருக்கும். எழுந்து பறக்கும் கணத்தில்தான் அதன் வெண்சிறகு நம்மைத் திடுக்கிடச் செய்யும். எங்களுக்கு மிகவும் உவப்பானது வாலாட்டிக் குருவி. சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறும் கொண்டு, நீர் விளிம்பில் ஓயாது வாலை அசைத்துக்கொண்டு ஓடும். இமயமலைப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே வலசை வருவது அது. ஐயப்ப பக்தர்கள் மாலை அணியும் நாட்களில் அகழிக் கரையில் அது குடியேறியிருக்கும், கோடைக்குமுன் புறப்பட்டுவிடும்.

கோயிலுக்குள்ளும் பறவைகள் உண்டு. கல்யாண மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். மலர்ந்த தாமரையைச் சுற்றிக் கல்லிலே கிளிகள் அமைந்திருக்கின்றன. வெளியே மதில் இடுக்குகளில் உயிருள்ள பைங்கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும். 16ஆம் நூற்றாண்டுச் சிற்பி இவற்றின் முன்னோரைப் பார்த்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இக்கோயிலின் கருவறை நெடுங்காலம் மூர்த்தியின்றி இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1981 மார்ச் மாதத்தில்தான் சத்துவாச்சாரியிலிருந்து ஈசன் மீண்டும் இங்கே எழுந்தருளினார். அப்போது நான் வங்கியில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சில நாட்கள் கழித்துத் தரிசிக்கச் சென்றபோது, அருகில் நின்ற முதியவர் ஒருவர் விம்மி அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 2021 நவம்பர் மழையில் அகழி பெருகிக் கோயிலுக்குள்ளும் நீர் புகுந்தது. அதே மாதம் பாலாற்றிலும் வெள்ளம் ஓடிற்று.

பாலாறு என்றதும் என் நினைவு ஆம்பூருக்குப் போய்விடுகிறது. எண்பதுகளின் பிற்பகுதியில் அவ்வட்டாரக் கிளை ஒன்றில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தேன். உப்பிட்ட தோலை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்பில் இட்டு, குரோமியத்தில் பதனிடும் டேனரிகள் ஆற்றோரமெங்கும் இருந்தன. கழிவு நீர் வாய்க்கால் வழியே ஆற்று மணலில் இறங்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்தில் இவ்வளவு கேடில்லை என்று பழைய தொழிலாளர்கள் சொல்வார்கள். ஆனால் உப்பு அப்போதும் உண்டு.

ஒருநாள் காலை என் மேசையில் இரண்டு கோப்புகள். ஒன்று, டேனரி விரிவாக்கத்துக்கான கடன். ஈடு, வரவு எல்லாம் குறைவின்றி இருந்தன, கையொப்பமிட்டேன். மற்றொன்று, ஒரு தென்னை விவசாயி கிணற்றை ஆழப்படுத்தக் கேட்டது. நீர் உப்பாகிவிட்டதால் திருப்பிச் செலுத்தும் வாய்ப்பில்லை என்று எழுதி நிராகரித்தேன். இரண்டும் விதிப்படி சரியானவையே. "சார், தண்ணிய உப்பாக்கினது நான் இல்லையே" என்றார் அவர். அடுத்தவரை அழைத்தேன்.

1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்றது; ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது; சுத்திகரிப்பு வசதியை வற்புறுத்தியது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது அந்த விவசாயியின் முகம்தான் முன்னால் வந்தது. தோல் தொழிலை மட்டும் பழித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு, குறிப்பாகக் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்களுக்கு, சோறு போடுவது அதுவே. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை.

இவற்றைப் பேத்தியிடம் சொன்னதில்லை. சென்ற கார்த்திகையில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குக் கடை ஞாயிறு விழாவுக்குப் போனோம். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் நீராடி ஈரப் புடவையுடன் கிடக்கும் நாள் அது. கூட்டம் பெரிது. தரிசனம் முடிந்து, என் மனைவி வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் பாலாற்றங்கரைக்கு நடந்தோம். மணலுக்கு நடுவே ஒரு கீற்று நீர். சின்னக் கொக்குகள் மூன்று. மின்கம்பியில் பஞ்சுருட்டான் ஒன்று. கழுகுகள் நாள்தோறும் நண்பகலில் வந்து அமுதுண்ட திருக்கழுக்குன்றத்திலேயே அவை வருவது நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. அதை எண்ணினால், இங்கே இந்த மூன்று கொக்குகளும் பெரிய வரவாகவே தோன்றின.

மணலில் இறங்கியதும் இரண்டு பறவைகள் அலறிக்கொண்டு எழுந்தன. மஞ்சள் கால், சிவந்த மூக்கு, கருத்த கழுத்து. தலைக்கு மேல் வட்டமிட்டு விடாமல் கத்தின.

"ஆள்காட்டி, தாத்தா. யாராவது வந்தால் காட்டிக் கொடுக்குமாம்" என்றாள். பிறகு, "நாம் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் இப்படிக் கத்துகிறது?" என்று கேட்டாள்.

கரையோரக் கல்லில் அமர்ந்து அந்த இரண்டு கோப்புகளின் கதையை அவளிடம் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டாள். அந்த விவசாயியின் ஊர் எது என்று மட்டும் கேட்டாள், சொன்னேன். நோட்டில் 'ஆள்காட்டி 2' என்று எழுதி, அதற்குக் கீழே அந்த ஊரின் பெயரையும் எழுதிக்கொண்டாள்.