காட்டூர்ப் படகும் கடற் கப்பலும்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிப் பிரதேசத்தில் உள்ளது காட்டூர். ஏரியில் ஆழம் குறைவு. இறாலும் நண்டும் தேடி வலைஞர்கள் கோல் ஊன்றிப் படகைத் தள்ளிச் செல்வார்கள். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெருங் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அந்தப் படகிலிருந்து இந்தக் கப்பலுக்கு ஏற வழி உண்டா?

1613-ல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, நம் நெசவாளர் நெய்த துணியைத் தங்கள் கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். கப்பல் மட்டும் போதுமா? அதை நடத்தும் அதிகாரிகள் வேண்டாமா? 1927-ல் பம்பாயில் 'டப்ரின்' பயிற்சிக் கப்பல் ஏற்பட்ட பிறகே நம் இளைஞருக்குத் தாய்நாட்டில் அப்பயிற்சி கிட்டியது.

இன்றோ, 2008-ல் தோன்றிய இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரஸாயனம், கணிதம் மூன்றிலும் நன்கு தேறிய ஆணும் பெண்ணும் அதன் நுழைவுத் தேர்வை எழுதலாம். டிப்ளமாப் படிப்பு ஓராண்டு. பின் பதினெட்டு மாதம் கப்பலில் பயிற்சி. அப்பால் அதிகாரிப் பரீக்ஷை. படிப்படியாக உயர்ந்தால் காப்டன் பதவி. நிறங்களைப் பிரித்தறியும் கண்ணும் அவசியம். இரவில் எதிர்க் கப்பலின் போக்கைச் சிவப்பு, பச்சை விளக்குகளே காட்டுகின்றன.

காற்றையும் நீரோட்டத்தையும் இளமையிலேயே அறிந்தவர்கள் ஏரிக்கரைப் பிள்ளைகள். பாதியில் பள்ளியை விட்டதனால் அவர்கள் கரையிலேயே நின்றுவிடலாமா? பெற்றோர்களே, படகில் ஒரு கை குறைந்தாலும் குறையட்டும். கணிதப் புத்தகத்தை மூட விடாதீர்கள்.